நல்லூர் இராசதானியும் யாழ்ப்பாண ரவுணும்: ஒரு நாள் சுத்தினது, சாப்பிட்டது

சனம் யாழ்ப்பாணம் பாக்க வாறதெண்டால் இப்ப ஒரே மாதிரித்தான் வருகினம், விடியக் காலமை வானைப் பிடிச்சு நயினாதீவு, அங்கையிருந்து கீரிமலை, பிறகு பருத்தித்துறை, நேரமிருந்தால் கசூரினா பீச், இருட்டினாப்பிறகு ரவுணுக்கை வந்து ஒரு ஐஸ்கிறீம், அவ்வளவுதான். அந்த இடங்களில பிழையில்லை, நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கெல்லாம் கட்டாயம் போகோணும், ஆனால் அதுக்கு வேறை ஒரு நாள் வையுங்கோ. ஒரே ஒரு நாள்தான் கையில இருக்கெண்டால் ரவுணையும் நல்லூரையும் விட்டு வெளியில போகவே வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன்.

ஏனெண்டால் இது ரெண்டு தரம் தலைநகரமான ஊர். 1619 இல சங்கிலி மன்னனைப் போத்துக்கீசர் பிடிக்கிற வரைக்கும் நல்லூர்தான் இராசதானி, அதுக்குப் பிறகு 1621 இல ஒலிவேரா எண்ட போத்துக்கீசத் தளபதிதான் தலைமையிடத்தைக் கடற்கரைப் பக்கம், இப்பத்தை ரவுணுக்கு மாத்தினவன். இண்டைக்கு வட மாகாணத்துக்கும் தலைநகரம் இதுதான். ரெண்டுக்கும் இடையில ஓட்டோவில போனால் பத்து நிமிசம்கூட இல்லை. போன கிழமை மட்டக்களப்பில இருந்து மச்சாளும் அத்தானும் பிள்ளையளோடை வந்தவை, அவையையும் இப்பிடித்தான் கூட்டிக்கொண்டு போனனான்.

காலமைச் சாப்பாட்டுக்குத் திருநெல்வேலி அம்மாச்சி உணவகம். இது விவசாயத் திணைக்களத்தின்ரை ஏற்பாட்டில பொம்பிளையள் நடத்துற இடம், கண்ணுக்கு முன்னாலயே சுடச்சுடச் செய்து தருவினம். ஒவ்வொரு கவுண்டரிலயும் ஒவ்வொரு அக்கா நிப்பா, ஒருத்தரிட்டைத் தோசை, மற்றவவிட்டைக் குரக்கன் புட்டு, இன்னொராளிட்டை இலைக்கஞ்சி, காசைக் குடுத்து வாங்கிக்கொண்டு வந்து மேசையில இருக்க வேண்டியதுதான். இலைக்கஞ்சியைக் கட்டாயம் குடியுங்கோ, தேங்காய்ப்பால் வாசமும் இலையின்ரை அந்த லேசான கைப்பும் சேந்து தொண்டைக்கை இறங்கேக்கை ஒரு சுகம். விலையும் ஞாயம். சனம் கூடினால் இருக்க இடம் கிடைக்காது, அதால நேரத்துக்குப் போங்கோ. ஊர்ச் சாப்பாட்டை ஊர்ப் பொம்பிளையளின்ரை கையால சாப்பிட்டு அந்தக் காசு அவையிட்டையே போறது எண்டால் எனக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

அங்கையிருந்து நேரா கோட்டை. வெயில் ஏற முதல் போகோணும், ஏனெண்டால் கொத்தளத்துக்கு மேலை நிழல் எண்டு ஒண்டும் இல்லை. போத்துக்கீசர் சதுரமாக் கட்டினதை 1658 இல ஒல்லாந்தர் பிடிச்சு ஐங்கோணமாத் திருப்பிக் கட்டினவை, 1795 இல சண்டையே இல்லாமல் பிரித்தானியரிட்டைப் போட்டுது. உள்ளுக்கை 1706 இல கட்டின ஒல்லாந்தர் தேவாலயம் இருந்தது, 1990 சண்டையில தரைமட்டம், இப்ப அந்த இடத்தில முருகைக்கல்லுக் குவியல்தான். சுவரில கிட்டப் போய் ஒருக்காப் பாருங்கோ, கல்லுக்குள்ளை பவளப்பூச்சியின்ரை ஓட்டையள் அப்பிடியே தெரியும், சின்னச் சின்னச் சிப்பியும் ஒட்டிக்கொண்டிருக்கும், கடலுக்கை இருந்து வெட்டி எடுத்த கல்லு எண்டு ஆரும் சொல்லாமலே விளங்கும். மேற்குப் பக்கக் கொத்தளத்தில ஏறி நிண்டால் பண்ணைப் பாலமும் களப்பும் முழுசாத் தெரியும், தண்ணிக்கை மீன் பிடிக்கக் கட்டின களங்கட்டித் தடியள் வரிசை வரிசையா நிக்கும். ஒரு குறை, உள்ளை விளக்கப் பலகையள் காணாது, வரலாறு தெரிஞ்ச ஆள் ஒராள் கூட இல்லையெண்டால் வெறும் மதிலைச் சுத்திப்போட்டு வாறமாதிரிப் போயிடும்.

கோட்டையில இருந்து நடந்தே யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போகலாம், வழியில முனியப்பர் கோவில், அங்காலை புல்லுக்குளம், இந்தியா கட்டித் தந்த பெரிய கலாசார மண்டபம் எல்லாம் பக்கத்துப் பக்கத்திலதான். வீரசிங்கம் மண்டபத்துக்குக் கிட்ட 1974 தமிழாராய்ச்சி மாநாட்டில பொலிஸ் நடவடிக்கையால செத்தவைக்கான நினைவுத்தூண் இருக்கு, கனபேர் அதைப் பாக்காமலே கடந்து போறவை, நீங்கள் நிண்டு பாத்திட்டுப் போங்கோ.

நூலகத்தைப் பற்றி நான் நிறைய எழுதுவன், குறை நினையாதேங்கோ. 1981 மே 31 இரவு வைச்ச நெருப்பில 97,000க்கும் மேலை புத்தகங்களும் ஏட்டுச் சுவடியளும் போனது, அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. வெளியில இருந்து வாற ஆக்கள் வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால, சரஸ்வதி சிலையோடை ஒரு படம் எடுத்துப்போட்டு அதோடை திரும்பிப் போயிடினம், அதுதான் எனக்கு மனவருத்தம். இது 2003 இல திருப்பித் திறந்து இண்டைக்கும் சனம் நிறைஞ்சு நடக்கிற நூலகம். உள்ளை போய் ஏஎல் (உயர்தரப் பரீட்சை) படிக்கிற பெடியள் பெட்டையள் மேசை மேசையா இருந்து தலைநிமிராமல் எழுதுறதைப் பாக்கோணும், வயசானவை கண்ணாடியை மூக்கு நுனியில விட்டிட்டுப் பேப்பர் படிக்கிறதைப் பாக்கோணும். செருப்பை வெளியில கழட்டோணும், கதைக்கக் கூடாது. படிக்கிற ஆக்களுக்கு இடைஞ்சல் எண்டபடியால் சுத்திப் பாக்க வாறவைக்கு நேரம் ஒதுக்கி வைச்சிருக்கினம், வாசலில நிக்கிறவரிட்டை மரியாதையாக் கேளுங்கோ, ஆத்திரப்படாதேங்கோ. அந்த ஒழுங்கு சரியான ஒழுங்கு.

மத்தியானம் பெரியகடை மலாயன் கபே. சைவக்கடை, பழைய மாபிள் மேசை, மேலை ஃபான் சுத்தும், கண்ணாடி அலுமாரிக்கை வடையும் இனிப்பும் அடுக்கியிருக்கும், அலங்காரம் கிலங்காரம் ஒண்டும் இல்லை. வாழை இலையில சோறு, பருப்பு, மரக்கறியள், அப்பளம், கடைசியில சொதியும் ரசமும், வாளியோடை வந்து கேட்டுக் கேட்டுப் போடுவினம். அண்டைக்கு வந்த கத்தரிக்காய்ப் பாற்கறி எப்பிடியெண்டால், கத்தரிக்காய் குழையவும் இல்லை, பச்சையாவும் இல்லை, பொரிச்சுப்போட்டுப் பாலில இறக்கினபடியால் விளிம்பு மட்டும் கறுத்து உள்ளுக்கை வெண்ணெய் மாதிரி, அத்தான் மூண்டாந்தரமும் கேட்டு வாங்கினவர். சாப்பிட்டு முடிஞ்சால் இலையை மடிச்சுச் சுவரில இருக்கிற துவாரத்துக்கை நீங்களே போடோணும். மச்சாளின்ரை சின்னவள் தன்ரை இலையைப் போட்டிட்டு "மாமா உங்கடையையும் தாங்கோ, நான் போடுறன்" எண்டு எல்லாரின்ரை இலையையும் வாங்கிக்கொண்டு ஓடினவள், பரிமாறுற அண்ணையும் "கவனம் பிள்ளை, ரசம் சிந்தும்" எண்டு கூடவே போனவர். சாப்பாடு அவசரமாத்தான் வரும், ஆறுதலா இருந்து கதைச்சுச் சாப்பிடுற இடம் இல்லை, பின்னால சனம் காத்துக்கொண்டு நிக்கும். பத்துக்கு ஒன்பது தாராளமாக் குடுப்பன்.

சாப்பிட்ட கையோடை சந்தைக்கை ஒரு சுத்து. பனங்கட்டி, புழுக்கொடியல் (அவிச்சுக் காயவைச்ச பனங்கிழங்கு), பனாட்டு (காயவைச்ச பனம்பழக் களி), ஓலைப் பெட்டியள் எல்லாம் ரவுண் சந்தையிலயே வாங்கலாம். புழுக்கொடியல் வாங்கேக்கை ஒண்டை முறிச்சுப் பாருங்கோ, டக்கெண்டு முறிஞ்சால் நல்லது, வளைஞ்சால் ஈரம் பிடிச்சிட்டுது. வாற காலம் சரியெண்டால் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கிடைக்கும். மியூசியம் நாவலர் வீதியில, சின்னது, தூசி, ஆனால் கந்தரோடையில எடுத்த புத்தர் சிலையளுக்காக ஒரு அரை மணித்தியாலம் குடுக்கலாம்.

பின்னேரம்தான் நல்லூர். மத்தியானத்தில கோவில் பூட்டியிருக்கும், அதால முதல் இராசதானியின்ரை மிச்சங்களைப் பாருங்கோ, எல்லாம் பருத்தித்துறை வீதியை ஒட்டித்தான். முத்திரைச்சந்தியில சங்கிலியன் சிலை, பக்கத்தில சென் ஜேம்ஸ் தேவாலயம், பழைய கந்தசாமி கோவில் நிண்ட காணி அதுதான் எண்டு சொல்லுவினம், போத்துக்கீசர் அதை இடிச்சாப்பிறகு இப்பத்தைக் கோவில் 18ஆம் நூற்றாண்டில வேறை இடத்தில எழும்பினது. கொஞ்சம் தள்ளிச் சங்கிலித்தோப்பு வளைவு, மந்திரிமனை, உள்ளுக்கை போனால் யமுனா ஏரி, 'ப' வடிவத்தில படிக்கட்டு வைச்ச கேணி. யமுனை ஆத்துத் தண்ணியைக் கொண்டுவந்து இதில விட்டதெண்டு கதை.

இதில எனக்குக் கோவம் வாற இடம் மந்திரிமனை. மரத்தூணில இருக்கிற வேலைப்பாடு அவ்வளவு வடிவு, ஆனால் கூரை, சுவர் எல்லாம் இடிஞ்சு விழுகுது, சுவர் முழுக்க ஆரும் ஆரையும் காதலிக்கிற கதையைக் கரியால எழுதி வைச்சிருக்கினம். இது அரண்மனைக் காலத்துக் கட்டடமே, பிந்தினதே எண்டு ஆக்கள் வாதாடுகினம், எதுவா இருந்தாலும் எங்கடை ஊரில மிஞ்சின பழைய கட்டடங்கள் எத்தினை? அரசாங்கம் செய்யட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தால் வாற மாரிக்கு அதுவும் இருக்காது. போற ஆக்கள் தயவுசெய்து சுவரில கை வையாதேங்கோ, பிள்ளையளைத் தூணில ஏற விடாதேங்கோ.

நாலு மணிக்குப் பிறகு கந்தசாமி கோவில். ஆம்பிளையள் சேட்டைக் கழட்டோணும், உள்ளுக்கை படம் எடுக்கேலாது, பூசை சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிசம் பிசகாது. அர்ச்சனை ரிக்கெற் இண்டைக்கும் ஒரு ரூபாதான், இந்த விலைவாசியில இதை நினைச்சுப் பாருங்கோ, கோடீஸ்வரனும் கூலிக்காரனும் ஒரே ரூபாவோடை ஒரே வரிசையில. வீதி மணலில வெறுங்காலோடை ஒருக்காச் சுத்தி வாங்கோ, பின்னேரத்தில சூடு இறங்கியிருக்கும். ஆவணித் திருவிழா 25 நாளும் எண்டால் நான் சொன்ன இந்தத் திட்டம் ஒண்டும் சரிவராது, றோட்டெல்லாம் பூட்டு, அது வேறை அனுபவம்.

கும்பிட்டு முடிய றியோ ஐஸ்கிறீம் கடை. பிள்ளையளுக்கு ஸ்பெஷல் ஐஸ்கிறீம், பெரியவைக்கு முதல் றோல்ஸ், பிறகு ஐஸ்கிறீம். இனிப்புக் கொஞ்சம் கூடத்தான், சத்தமும் கூடத்தான், ஆனால் நல்லூரில கும்பிட்டிட்டு ஐஸ்கிறீம் குடிக்காமல் போன குடும்பம் யாழ்ப்பாணத்தில இல்லை.

இராச் சாப்பாடுதான் அண்டைக்கு ஏமாத்தினது. ரவுணுக்கை பேர்போன ஒரு கோட்டலில நண்டுக்கறி எண்டு போட்டிருந்தது, ஒரு மணித்தியாலத்துக்கு மேலை இருத்தி வைச்சிட்டு ஐஸில கிடந்த நண்டைக் கொண்டு வந்தவை, சதை கோதோடை ஒட்டி மாவாக் கிடந்தது, குழம்பில எங்கடை தூளின்ரை வறுத்த வாசம் இல்லை, முருங்கையிலை ஒரு நெட்டுக்கூட இல்லை, பில் மட்டும் கொழும்பு விலை. மச்சாள் மரியாதைக்கு "பரவாயில்லை" எண்டவ, எனக்குத்தான் வெக்கமாப் போச்சு. நல்ல நண்டுக்கறி எண்டால் நண்டை உயிரோடை வாங்கிச் சமைக்கிற இடமோ எண்டு முதலே கேளுங்கோ, இல்லையெண்டால் மீன் சந்தையில காலமை வாங்கித் தங்கிற வீட்டில குடுத்துச் சமைப்பியுங்கோ. கூழும் அப்பிடித்தான். ஒடியல் மாவை, அதாவது காயவைச்ச பனங்கிழங்கு மாவை, ஊற வைச்சுத் தண்ணியை வடிச்சுக் கைப்பெடுக்கோணும், பிறகு மீன், இறால், நண்டு, பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் அவிய விட்டுத்தான் மாக் கரைக்கிறது, நிண்ட நிலையில செய்து தாறம் எண்டு சொல்லுற கடையை நம்பாதேங்கோ. முதல் நாளே சொல்லி வையுங்கோ, எத்தினை பேர் எண்டும் சொல்லுங்கோ, ரெண்டு பேருக்கு ஆரும் கூழ் காய்ச்சமாட்டினம்.

ஓட்டோவுக்கு ஆப்பில புக் பண்ணுங்கோ, பஸ் ஸ்ராண்டில நிக்கிற சிலபேர் வெளியூர்க் கதை கேட்டவுடனை விலையை மாத்திப்போடுவினம்.