பம்பு பட்டறையில் பழைய ஃப்ளை ரீல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் பழைய தூண்டில் ரீலைச் சரிசெய்து கொடுத்த பட்டறையின் பெயர் போடவில்லை. பட்டறைக்கார அண்ணனே வேண்டாம் என்றுவிட்டார். “பேரப் போட்டீங்கன்னா நாளைக்கு நாலு பேரு தூண்டிலத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க, என்ற பம்பு வேலைய ஆரு பாக்கறது?” என்றார். கோவை கணபதியில் சத்தி ரோட்டை விட்டு உள்ளே திரும்புகிற சந்துகளில் ஒன்று, ரெண்டு லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின், வாசலில் வேப்பமரம். போர்டு கிடையாது. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் தாத்தா காலத்து ரீலை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறவர்கள் நம் பக்கமும் நாலு பேராவது இருப்பார்கள்.

என் ரீல் வால்பாறையிலிருந்து வந்தது. தாத்தா அங்கே எஸ்டேட்டில் கண்டக்டர், அதாவது வேலையை மேற்பார்க்கிறவர், ஊருக்குக் கப்பலேறிய துரை கொடுத்துவிட்டுப் போனது. கூட வந்த மூங்கில் ராடைக் கரையான் தின்றுவிட்டது, ரீல் மட்டும் மிச்சம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்கிற ஊரில் ஜே.டபிள்யூ. யங் அண்ட் சன்ஸ் செய்தது. ரெட்டிச் ஊசிக்கும் தூண்டில் சாமானுக்கும் பேர்போன ஊர், ராயல் என்ஃபீல்டு பிறந்ததும் அங்கேதான். இதை அண்ணனிடம் சொன்ன பிறகுதான் அவர் ரீலையே கையில் வாங்கிப் பார்த்தார், அவரிடம் ஒரு பழைய புல்லட் இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் ஈயக்குண்டு கட்டி வீசுகிற தூண்டிலில் குண்டின் எடைதான் நூலை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் கட்டியிருப்பது இறகும் நூலும்தான், எடையே இல்லை, அதனால் நூலையே கனமாகச் செய்திருப்பார்கள், அதை வீசுவதுதான் வித்தை. ரீலுக்கு அதில் பெரிய வேலை கிடையாது. நூலைச் சுற்றி வைத்துக்கொள்ள வேண்டும், மீன் இழுக்கும்போது கொஞ்சம் பிடித்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். உள்ளே ஒரு பல்சக்கரம், அதன் பல்லில் உட்காரும் முக்கோண நாக்கு ஒன்று, நாக்கைப் பின்னாலிருந்து அழுத்தும் ஸ்பிரிங் பட்டை ஒன்று. கிர்ர்ர் என்று வரும் சத்தம் அந்த நாக்கினுடையதுதான். அது போனால் ஸ்பூல், அதாவது நூல் சுற்றியிருக்கும் உருளை, தறிகெட்டுச் சுற்றும், மீன் நின்றபிறகும் நிற்காது, நூல் குருவிக்கூடு மாதிரி சிக்காகிவிடும்.

என்னுடையதில் ஸ்பிரிங் ரெண்டாக உடைந்திருந்தது, நாக்கு முனை மழுங்கியிருந்தது, ஸ்பூல் நடுத்தண்டில் ஆட்டம் கண்டிருந்தது. போதாததற்கு நாக்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் ஓட்டையில் யாரோ புண்ணியவான் வேறு ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றி மரையைத் தின்ன வைத்திருந்தார்.

பார்ட்ஸ் தேடாமல் இல்லை. அமெரிக்காவின் ஃப்ளூகர் மெடலிஸ்ட் என்றால் பிரச்சினையே இல்லை, பல பத்தாண்டுகள் எக்கச்சக்கமாகச் செய்து தள்ளிய ரீல், ஒன்றை உடைத்து இன்னொன்றுக்குப் போட்டுக்கொள்ளலாம். இங்கிலாந்தின் ஹார்டி என்றால் தேடுகிறவர்கள் உலகம் முழுக்க இருப்பதால் சாமான் கிடைக்கும், விலைதான் கையைக் கடிக்கும். யங் ரீல் ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. உடைந்த ரீல் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்று பார்த்தேன், தபால் செலவும் கஸ்டம்ஸும் சேர்ந்து ரீல் விலையைத் தாண்டியது. அதுவும் பழசுதான், அதன் நாக்கு மட்டும் தேயாமல் இருக்குமா என்ன?

டவுனில் ஒரு கடிகாரக் கடையில் முதலில் கொடுத்தேன். மெல்லிசாக ஒரு ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தார்கள், ஒரே நாளில் படுத்துவிட்டது. தூண்டில் விற்கிற கடை ஒன்றில், “இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கங்க சார்” என்றார்கள். மரை கழண்டவன் என்று நினைத்திருப்பார்கள். கழண்டது ரீலின் மரைதான்.

அப்புறம்தான் இந்தப் பட்டறை. பம்புக்கு புஷ், கிரைண்டருக்கு ஷாஃப்ட், இதுதான் அங்கே தினப்படி வேலை. “ஏனுங் தம்பி, இதென்ன தையல் மிசின் பாபினாட்ட இருக்குது?” என்று ஆரம்பித்தவர், பத்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூவை அளந்து, “இது எம்-த்ரீ இல்லீங், பிஏ” என்றார். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பழைய பிரிட்டிஷ் சாமான்களில் வரும் மரை அது. 6பிஏ என்றால் விட்டம் 2.8 மி.மீ., மரை இடைவெளி 0.53 மி.மீ. இப்போதைய மெட்ரிக் ஸ்க்ரூவான எம்3 என்றால் 3 மி.மீ., 0.5 மி.மீ. கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுதான். மரையின் கோணமும் வேறு, பிஏவில் 47.5 டிகிரி, எம்3-ல் 60. பொருந்துகிற மாதிரி ரெண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் ஓட்டையைத் தின்றுவிடும். உங்கள் ரீலில் ஸ்க்ரூ தொலைந்திருந்தால் ஹார்டுவேர் கடையில் கிடைத்ததை முறுக்காதீர்கள், தயவுசெய்து.

பிஏ மரை வெட்டுகிற டேப் அவரிடம் எப்படி என்று கேட்டேன். இது 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்த ஊர், அதிலிருந்து மில் மில்லாக இங்கிலாந்து மெஷின் வந்து இறங்கியது, அதற்கான டூலும் கூடவே வந்தது. பின்னாளில் மூடிய மில் ஒன்றின் சாமான் எடைக்கு வந்தபோது ஒரு தகர டப்பா நிறைய வாங்கிப் போட்டாராம். ஓட்டையைப் பெரிதாக்கி, பித்தளை அடைப்பு வைத்து, அதற்குள் புதிதாக 6பிஏ மரை போட்டுக் கொடுத்தார்.

நாக்கை எஃகில் செய்துவிடலாமே, தேயாதே என்று நான்தான் மேதாவித்தனமாகச் சொன்னேன். “பல்சக்கரம் தேஞ்சா எங்க போவீங்க? நாக்குத் தேயட்டுமுங், நாக்கு நம்ம செய்யறது” என்றார். பித்தளைச் சக்கரத்தைவிட மெத்தென்றிருக்கிற ஒரு பித்தளைத் துண்டைத் தேடியெடுத்து, பழைய நாக்கை மாதிரி வைத்து, அரத்தாலேயே ராவினார். முனையில் கரித்தூள் தடவிச் சக்கரத்தில் உட்கார வைத்து, எங்கே ஒட்டவில்லை என்று பார்த்துப் பார்த்து ராவியது மட்டும் ஒரு மணி நேரம் இருக்கும். நடுத்தண்டுக்கு கன்மெட்டல் என்கிற வெண்கல வகையில் ஒரு புஷ், அதாவது தண்டைச் சுற்றி உட்காரும் வளையம், அது அவருக்கு இடதுகை வேலை, பேசிக்கொண்டே முடித்துவிட்டார்.

ஸ்பிரிங்தான் பார்க்க வேண்டியது. பழைய டைம்பீஸ் ஸ்பிரிங்கில் ஒரு துண்டு வெட்டி, சிவக்கக் காய்ச்சி, வளைத்து, மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்கினார். இந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி, தட்டினால் உடையும். பிறகு எமரித் தாளில் பளபளவென்று தேய்த்து, தகர மூடி ஒன்றில் லேத்தடியில் கிடந்த பித்தளைத் துருவலைக் கொட்டி, அதன்மேல் ஸ்பிரிங்கை வைத்து ஸ்டவ்வில் ஏற்றினார். துருவல் இருந்தால் சூடு எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஏறும். முதலில் வைக்கோல் நிறம் வந்தது, பிறகு பழுப்பு, கத்திரிப்பூ, அதிலிருந்து சட்டென்று மயில்கழுத்து நீலம். நீலம் வந்த நொடியில் குறடால் எடுத்துவிட்டார். கத்திரிப்பூவிலேயே எடுத்தால் விறைப்பு அதிகம், நீலத்தைத் தாண்டி வெளுக்க விட்டால் தொய்ந்துவிடும். கடிகாரக் கடை ஸ்பிரிங் ஏன் ஒரு நாளில் படுத்தது என்று அப்போதுதான் புரிந்தது.

சரி, குறைக்கு வருவோம். பத்து நாள் என்று சொன்னது ஐந்து வாரம் ஆனது. சீசனில் பம்பு வேலை வந்துவிட்டால் உங்கள் ரீல் அலமாரியில் தூங்கும், போன் எடுக்க மாட்டார், நேரில் போய் நின்றால்தான் நகரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஒரு விஷயம்தான் இன்னும் வயிற்றெரிச்சல். நான் டீ குடிக்கப் போன நேரத்தில், பட்டறைப் பையன் பாவம் நல்லெண்ணத்தில், “அழுக்கா இருந்துச்சுங்ணா” என்று பின் தட்டின் ஓரத்தை மெருகேற்றுகிற பஃப் வீலில் காட்டிவிட்டான். அறுபது வருஷத்துச் சாம்பல் பூச்சு ரெண்டு விரல் அகலத்துக்குப் போய், அலுமினியம் எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னுகிறது. பழைய ரீலுக்கு மதிப்பே அந்தப் பூச்சில்தான், போனால் போனதுதான். எனக்கு விற்கிற எண்ணம் இல்லை, அதனால் தப்பித்தேன். நீங்கள் போனால் பஃப் போடக்கூடாது என்று பேப்பரில் எழுதி ரீலிலேயே கட்டிவிடுங்கள்.

எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய். பையன் செய்ததற்காக 100 குறைத்துக்கொண்டார், நான் கேட்கவில்லை.

ஆனைமலைப் பக்கம் நண்பனின் தோப்பில் பண்ணைக்குட்டை இருக்கிறது, ஜிலேபி மீன் விட்டிருக்கிறான். ட்ரவுட் மீன் என்றால் நீலகிரிக்குப் போக வேண்டும், அனுமதி இல்லாமல் அங்கே தூண்டில் போட முடியாது, அது தனிக் கதை. குட்டையில் மூன்றாவது வீச்சில் உள்ளங்கை அகலம் ஒன்று கடித்தது. கிர்ர்ர் என்று ஓடி, அது நின்றதும் ஸ்பூலும் நின்றது. சத்தம் மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் கனமாக இருக்கிறதோ என்று ஒரு சந்தேகம். தாத்தா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

போன வாரம் நன்றி சொல்லப் போனேன். லேத்துக்குப் பின்னால் சுவரில் அந்த நாக்கின் படம் சாக்பீஸில் அளவோடு அப்படியே இருக்கிறது, கீழே “தூண்டில்” என்று எழுதியிருக்கிறார். இன்னொரு யங் ரீல் வந்தால் பாதிக் காசுக்குச் செய்து தருகிறாராம். “பொங்கலுக்கு வெள்ளையடிக்கறதுக்குள்ள வரச் சொல்லுங்” என்றார். யாரிடமாவது இருந்தால் என்னிடம் கேளுங்கள், வழி சொல்கிறேன்.