கதவில் எழுந்த கொப்புளங்கள்: கடலூரில் காருக்குப் பெயிண்ட் அடிக்கக் கொடுப்போர் கவனத்துக்கு

தேவனாம்பட்டினத்தில் கடலை ஒட்டிக் குடியிருப்பதால், எங்கள் காரின் இடப்பக்கக் கதவுகள் இரண்டின் அடி ஓரமும் முன் மட்கார்டும் துருப்பிடித்திருந்தன. சென்ற ஐப்பசியில் நகரத்துப் பட்டறை ஒன்றில் 18,500 ரூபாய்க்குப் பேசி வண்டியை விட்டேன். துருவைத் தகடு வரை சுரண்டி எடுத்து, ஈரம் தகட்டை எட்டாமல் காக்கும் எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்து, பள்ளம் நிரப்பும் பட்டி வைத்துத் தேய்த்து, அதன்மேல் இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த பிரைமர் அடிப்பதாகச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்கள்.

வண்டி திரும்பியபோது கண்ணாடிபோல் மின்னியது. தை பிறப்பதற்குள் கதவின் அடியில் கடுகளவு கொப்புளங்கள் கிளம்பின; மாசியில் அவை மிளகளவாயின. மட்கார்டிலோ உப்புத்தாளின் கீறல்கள் நிறத்துக்கு அடியிலிருந்து கோடு கோடாகத் தெரியத் தொடங்கின. "உப்புக்காத்து சார், நாங்க என்ன செய்ய முடியும்?" என்றார் பட்டறைக்காரர். அந்தக் காற்றுக்காகத்தான் எபாக்ஸிக்குப் பணம் கொடுத்திருந்தேன்.

வேறொரு பெயிண்டர் ஒரு கொப்புளத்தைக் கத்தி முனையால் திறந்து காட்டினார்: உள்ளே ஈரம், பட்டிக்கு அடியில் பழைய துரு, எபாக்ஸியின் சுவடே இல்லை. பிறகு மேல் நிறத்தைச் சிறிது தேய்த்தெடுத்து, வெளிப்பட்ட பிரைமரைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்தபோது, சாம்பல் நிறம் துணியில் கரைந்து வந்தது. ஹார்டனர் கலந்து இறுகிய பிரைமர் அப்படிக் கரையாது. கரடான 80ஆம் எண் உப்புத்தாளில் தேய்த்த பட்டியை 180, 320 என்று படிப்படியாக மென்மையாக்காமல், மலிவான பிரைமரால் மூடியிருக்கிறார்கள். அது உலர்ந்து சுருங்கச் சுருங்கக் கீறல்கள் மேலே வந்துவிட்டன.

வேலை நடக்கையில் ஒருமுறை நான் நேரில் போயிருந்தேன் என்பதுதான் வெட்கம். ஒரு பையன் வாளியிலிருந்து தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு பொறுப்பு என்று மெச்சித் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். பாலியெஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் அதை உலர்வாகவே தேய்க்க வேண்டும். தண்ணீர் விட்டு 600ஆம் எண் தாளில் தேய்ப்பது மேல் பிரைமருக்கு உரியது. அன்று சுரண்டிய தகடு ஒன்று பிரைமர் இல்லாமல் மழைக்காற்றில் கிடந்ததையும் பார்த்தேன். அந்த ஈரப்பதத்தில் வெறும் இரும்பு ஒரே இரவில் துருவேறிவிடும்.

ஆகவே வண்டியை விடும்போதே, தகடு வெளிப்பட்டதும் ஒருமுறை, நிறம் அடிப்பதற்கு முன் ஒருமுறை அழைக்கச் சொல்லுங்கள். இரண்டு நாளும் படம் எடுங்கள், ஹார்டனர் டப்பாவைக் கண்ணால் பாருங்கள். பிரைமர்மேல் கறுப்புப் பெயிண்டை மெல்லத் தூவித் தேய்த்துக் காட்டச் சொன்னால், கறுப்பு தங்குமிடமெல்லாம் பள்ளம் என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது கதவுகள் மறுபடி தகடு வரை சுரண்டப்பட்டு, எபாக்ஸியோடு நிற்கின்றன. இம்முறை 26,000 ரூபாய். பழைய பட்டறையிலிருந்து ஒரு ரூபாயும் திரும்பவில்லை.