ஸ்க்ரப் டைபஸ்: மருந்துல முக்குன யூனிஃபார்மா, எண்ணெயா, மாத்திரையா?

பட்டாளத்துல இருக்குற அக்கா பையனுக்கு அருணாச்சல் பக்கம் போஸ்டிங், "மாமா, அந்த புல்லுப்பூச்சி காய்ச்சல் ஸ்க்ரப் டைபஸுக்கு எத நம்புறது"ன்னு கேட்டான். நான் வடகிழக்குல ரெண்டு டென்யூர் (போஸ்டிங் காலம்) பார்த்தவன், என் ஓட்டு யூனிஃபார்முக்குத்தான். தடுப்பூசி இன்னும் வரல, அந்தப் பேச்ச விட்ருங்க.

தோல்ல தடவுற டிஎம்பி எண்ணெய், டீட் க்ரீம் மாதிரி பூச்சி விரட்டி எல்லாம் நல்லதுதான், ஆனா பேக்க தூக்கிட்டு ஏத்தம் ஏறுனா வேர்வையில வழிஞ்சு போயிடும், பேட்ரோல்ல நின்னு நின்னு எவன் தடவுவான்.

பூச்சி வர்ற வழியே துணிதான். கண்ணுக்கே சரியா தெரியாத லார்வா அது, ஆறே கால்தான், புல்லுல காத்துகிட்டு இருந்து பூட்ஸ்ல தொத்தி சாக்ஸ் விளிம்பு, பெல்ட் இறுக்குற இடம், தொடை இடுக்குன்னு போய் கடிக்கும், கடிச்சது தெரியாது, ஒரு பத்து நாள் கழிச்சு காய்ச்சல் தூக்கும். பெர்மெத்ரின்ங்கற பூச்சிக்கொல்லி ஏத்துன துணி மேல அது நடந்தாலே கதை முடிஞ்சுது. 1943ல நியூ கினியில ஆஸ்திரேலிய பட்டாளம் டைபியூட்டைல் தாலேட்ங்கற பூச்சி மருந்த கையால சட்டை பேன்ட்டுல தேய்ச்சுகிட்டு போனாங்க, டிஎம்பிய விட அது தொவைச்சாலும் தாங்குச்சு.

எல்லாம் அந்த தொவையல்லதான் இருக்கு. 0.5 சதவீத பெர்மெத்ரின் ஸ்ப்ரே அடிச்சா சுமார் 6 தொவையல், அடர் மருந்துல முக்கி ஊற வெச்சா 50 வரைக்கும் தாங்கும். மொத டென்யூர்ல இது புரியாம ஸ்ப்ரே அடிச்ச செட்ட தினம் டோபிகிட்ட போட்டேன், ஒரு வாரத்துல வெறும் துணி, அத போட்டுகிட்டு தைரியமா புல்லுல படுத்துருக்கேன். அப்புறம் காலர் உள்பக்கம் பேனாவால ஒவ்வொரு தொவையலுக்கும் ஒரு கோடு போட ஆரம்பிச்சேன். மருந்து அடிச்சத நல்லா காய வெச்சு போடு, ஜட்டி பனியனுக்கு அடிக்காத.

மாத்திரைன்னா டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக், வாரம் 200 மில்லிகிராம். தைவான் பெங்ஹு தீவுகள்ல குடுத்துப் பார்த்ததுல பலன் இருந்துச்சு. நான் போட்டதில்ல, கூட இருந்த ரெண்டு பேர் வெறும் வயித்துல போட்டு குமட்டல்னு படுத்தாங்க, வெயில்ல தோல் எரியுதுன்னாங்க, அவ்ளோதான் என் அனுபவம். குறுகிய ஆபரேஷன்னா டாக்டர் சொன்னா போடு, வருஷக்கணக்குல அத நம்பி இருக்க முடியாது.

எது போட்டாலும் குளிக்கும்போது அக்குள், தொடை இடுக்கு பாரு. பீடி சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு இருந்து காய்ச்சலும் அடிச்சா வெக்கப்படாம எம்ஐ ரூம்ல (யூனிட் மருத்துவ அறை) காட்டு, வலிக்காததால பாதிப்பேர் அத சொல்றதே இல்ல.