கடிதமா, வாட்ஸ்அப்பா, நேர்ப்பேச்சா? பள்ளிப் பருவக் காதல் தூதும் அதன் சொதப்பல்களும்

பிளஸ் டூ படிக்கும் ஒரு பையனுக்குக் காதல் வந்துவிட்டால், அதை உரியவளிடம் கொண்டுசேர்ப்பது அவனுடைய கூட்டாளிகள் அனைவரின் பொறுப்பாகிவிடுகிறது. கடிதம், வாட்ஸ்அப், நேர்ப்பேச்சு என்று அவர்கள் முன் இருக்கும் மூன்று வழிகளுமே சொதப்பக்கூடியவை. ஆகவே, எது வெற்றி தரும் என்பதைவிட, எது சொதப்பினால் யாருக்கு எவ்வளவு சங்கடம் என்று பார்ப்பதே பயனுள்ள ஒப்பீடு.

தபாலில் வரும் கடிதத்தை வீட்டில் பிரித்துவிடுவார்கள் என்பதால், இரவல் வாங்கிய நோட்டுக்குள் வைத்துத் திருப்பித் தருவதே கடிதத்துக்குக் காலங்காலமான வழி. செய்முறைத் தேர்வு நெருங்கும் நாட்களில் அந்த நோட்டு இயற்பியல் ரெக்கார்டாக இருந்துவிட்டால், அவள் பிரித்துப் பார்க்கும் முன்பே அது கையெழுத்துக்காக ஆசிரியரின் மேசைக்குப் போய்விடும். நிறமாலைமானிச் சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவே, நான்காக மடித்த கோடு போட்ட தாள் ஒன்று அவர் கையில் அகப்படும். அதில் பெயர் இல்லாவிட்டாலும் எழுதியவனைக் கண்டுபிடிப்பது எளிது. அதே கையெழுத்தில் இன்னொரு ரெக்கார்டு அதே அடுக்கில்தானே இருக்கிறது! அவன் ஒரு வாரம் தலைகுனிந்து நடக்க நேரலாம். ஆனாலும் இருப்பது ஒரே தாள். ஆசிரியர் அதைக் கிழித்துப் போட்டால் விஷயம் அத்துடன் முடிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் அப்படி முடிவதில்லை. தனியாக அவளுக்கு அனுப்ப வேண்டியது அவசரத்தில் டியூஷன் குரூப்பில் விழுந்துவிட்டால், அனைவருக்குமாக அழிக்கும் வசதி 2017 முதல் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால், அழித்த இடத்தில் ‘நீக்கப்பட்டது’ என்ற குறிப்பு நின்று, பார்க்காதவர்களையும் விசாரிக்க வைக்கிறது. அதற்குள் யாரேனும் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அழித்தும் பயனில்லை. அந்தப் படத்தில் இருப்பது அனுப்பியவனின் பெயர் மட்டுமல்ல, எதுவுமே செய்யாத அந்தப் பெண்ணின் பெயரும்தான். இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சரியான எண்ணுக்கே போய்ச் சேர்ந்தாலும், 2014-இல் அறிமுகமான நீல டிக் அவளை நெருக்குகிறது: படித்துவிட்டாள், ஏன் இன்னும் பதில் இல்லை என்று நான்கு நண்பர்கள் ஒரே திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். கடிதம் வாசித்தவளோ, பதில் சொல்லாமலே இருந்துவிடலாம். வேண்டாம் என்பதற்கும் நிதானமாகச் சொற்களைத் தேடலாம். ஆகவே இவ்விரண்டில் நான் கடிதத்தின் பக்கம்தான், ரெக்கார்டு நோட்டைத் தவிர்த்தால்.

நேர்ப்பேச்சில் தடயம் எதுவும் மிஞ்சாது, ஆள் மாறிப் போகும் அபாயமும் இல்லை. ஒத்திகை பார்த்த வசனம் நாவிலேயே சிக்கி, “கெமிஸ்ட்ரி டெஸ்ட் எப்போ?” என்ற கேள்வியாக வெளிவருவதும், அதற்குள் அவளுடைய பேருந்து வந்துவிடுவதும்தான் இங்கே நிகழக்கூடிய பெரிய விபத்து. தைரியம் இருப்பவனுக்கு மூன்றிலும் இதுவே சிறந்தது; ஆனால் கூட்டாளிகள் பேருந்து நிறுத்தத்தில் சுற்றி நின்று வேடிக்கை பார்க்காமல், அடுத்த தெருவிலேயே காத்திருக்க வேண்டும்.