அடிபட்ட படகை இழுக்க வர்றவங்ககிட்டயும் உஷாரா இருங்க: வடகடல் நாட்டுப்படகுக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம்னு வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் பைபர் படகு வச்சிருக்கிற அண்ணன் தம்பிங்க இதைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க. தண்ணிக்குள்ள கிடந்த ஒண்ணுல எங்க படகு மோதி உடைஞ்சது. மோதுனதுல போன காசை விட, அதுக்கப்புறம் உதவிக்குன்னு வந்தவங்ககிட்ட போன காசுதான் அதிகம். யார் பேரையும் இங்க போடல, நுகர்வோர் ஆணையத்துல போட்ட மனு விசாரணையில இருக்கு. அவங்க வேலை செய்யிற விதத்தைச் சொல்றேன், பாத்தா நீங்களே அடையாளம் கண்டுக்குவீங்க.

தடைக்காலம் முடியப் போற சமயம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில கட்டிக் கிடக்கும், நம்ம நாட்டுப்படகுக்குத் தடை இல்ல. போட்டிருந்த நண்டு வலையை இழுத்து ஏத்திட்டு விடியறதுக்கு முன்னாடி திரும்பிக்கிட்டு இருந்தோம். சித்தப்பா எஞ்சின்ல, நான் நடுவுல நண்டு கழட்டிக்கிட்டு, தம்பி அணியத்துல (முன்பக்கம்). அந்த இடத்துல ரெண்டு பாகம் (பன்னிரண்டு அடி) தண்ணி இருந்தா அதிகம். திடீர்னு அடியில ஒரு இடி. படகு முன்பக்கம் தூக்கி ஒரு பக்கமாச் சரிஞ்சு, எஞ்சின் மேல எகிறி, விசிறி (ப்ரொப்பல்லர்) காத்துல அலறுச்சு. சித்தப்பா எஞ்சினை நிறுத்துனதுக்கு அப்புறம்தான் தண்ணி உள்ள வர்ற சத்தமே கேட்டுச்சு.

எதுல மோதுனோம்னு பிறகுதான் தெரிஞ்சது. முன்னாடி ஒரு காத்து மழையில முங்குன பழைய விசைப்படகு. உடமைக்காரங்க எஞ்சினையும் வலை இழுக்கிற வின்ச்சையும் கழட்டி எடுத்துட்டு, மர உடம்பை அப்படியே விட்டுட்டாங்க. காசு வர்ற சாமான் கரைக்கு வந்துருச்சு, காசு வராதது கடல்லயே கிடக்கு. மொதல்ல ஒரு மூங்கில் கம்புல கொடி கட்டி நட்டு வச்சிருந்தாங்களாம், கச்சான் (தென்மேற்குக் காத்து) எழும்புனதும் அது போயிருச்சு. இந்தக் கடல்ல இப்படிக் கிடக்கிறது ஒண்ணு ரெண்டு இல்ல. முங்குன படகு, உடைஞ்ச கட்டை, கட்டு அறுந்த, பாசி வளக்கிற தெப்பம்னு எத்தனையோ கிடக்கு. பாசி கனத்த தெப்பம் தண்ணிக்கு மேல தெரியவே தெரியாது.

எங்களுக்கு விழுந்த அடியில ஏராக்கட்டைக்கு (அடியில நீளமா ஓடுற முதுகெலும்புக் கட்டை) பக்கத்துல ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மியா கீறல். கிழிஞ்ச நைலான் வலையை உருட்டித் திணிச்சு, மேல சாக்கை மடிச்சு வச்சு, ஐஸ் பெட்டி மூடியை அதுக்கு மேல போட்டு தம்பி ஏறி நின்னுக்கிட்டான். நண்டுப் பெட்டி, வலை எல்லாத்தையும் எதிர்ப்பக்கம் தள்ளுனதும் உடைஞ்ச பக்கம் கொஞ்சம் எழும்புச்சு, தண்ணி வர்றது பாதியா குறைஞ்சது. அப்பவே நங்கூரத்தையும் இறக்கிட்டோம். காரணம் நம்ம ஆளுங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. கச்சான்ல எஞ்சின் நின்னா படகு கரைக்கு வராது, கச்சத்தீவுப் பக்கம்தான் போகும். எல்லையைத் தாண்டிட்டா அங்க போய் விசிறி உடைஞ்ச கதையைச் சொல்லி நம்ப வைக்க முடியாது.

தடைக்காலம்ங்கிறதால சுத்தி ஒரு விசைப்படகு கிடையாது. எங்க ஊர்ப் படகு ரெண்டு தெற்கே போயிருந்துச்சு, போன் எடுக்கல. கரையில இருந்த ஒருத்தர் “இழுவைக்குன்னே ஒரு ஆளு இருக்காரு, உடனே வருவாரு”ன்னு ஒரு நம்பர் கொடுத்தாரு. கூப்பிட்டோம். வந்தாங்க, அதுல குறை சொல்ல முடியாது. நல்ல வெளிச்சம் வர்றதுக்குள்ள ரெண்டு எஞ்சின் போட்ட பைபர் படகு பக்கத்துல நின்னுச்சு.

சித்தப்பா அந்த நிலைமையிலயும் கேட்டாரு, “எவ்வளவு தம்பி ஆகும்?” “அதெல்லாம் பாத்துக்கலாம்ண்ணே, நமக்குள்ள என்ன, மொதல்ல கயிறைப் பிடிங்க”ன்னான். ரெண்டாவது தடவை கேட்டதுக்கு, “படகு முங்கப் போகுது, இப்பப் போய் காசு பேசுறீங்களே”ன்னு எங்களையே ஏசுனான். நான் கடலோரக் காவல்படை நம்பர் 1554க்குப் போன் போடலாம்னு சொன்னதும் உடனே, “கோஸ்ட்கார்டு வந்தா படகைப் பிடிச்சு வச்சுக்குவான், அலைய விடுவான்”ன்னு பயமுறுத்துனான். எங்ககிட்ட கடலுக்குப் போற அனுமதி டோக்கன், பதிவுப் புத்தகம், ஆதார் எல்லாம் சரியா இருக்கு. எதுக்குப் பிடிக்கணும்? அந்தப் பேச்சுலயே எனக்கு ஆள் மேல சந்தேகம் விழுந்துருச்சு, ஆனா தம்பி கால்முட்டி வரைக்கும் தண்ணியில நின்னுக்கிட்டு இருக்கான்.

இழுத்த இழுவை இருக்கே, அதுதான் பெரிய கொடுமை. உடைஞ்ச படகை இழுக்கிறதுன்னா அணியத்துல ரெண்டு பக்கமும் கயிறு போட்டு, நடுவுல சேத்து, நீளமா விட்டு, மெதுவா இழுக்கணும். நீளமா இருந்தாத்தான் அலைக்குக் கயிறு தொய்ஞ்சு கொடுக்கும், வெடுக்வெடுக்னு பிடிக்காது. இவங்க குட்டைக் கயிறை நடுப் பலகையில ஒரே முடிச்சாப் போட்டு, ரெண்டு எஞ்சினையும் முழுசா முறுக்கிட்டாங்க. ஒவ்வொரு அலைக்கும் படகு தாவி விழ, முழத்துக்குக் கம்மியா இருந்த கீறல் முழத்தைத் தாண்டிப் போச்சு. “மெதுவாப் போங்கப்பா”ன்னு கத்துனோம். காதுல விழாத மாதிரியே போனாங்க.

அதோட நிக்கல. எங்க ஊர்த் துறைக்குப் போகாம வேற ஒரு துறையில கொண்டு போய் ஏத்துனாங்க. “பைபர் பட்டறை பக்கத்துலயே இருக்குண்ணே, உங்களுக்கு அலைச்சல் மிச்சம்”னு சமாதானம் வேற. கரை ஏறுனதும் கேட்ட தொகை 18,000 ரூபாய். அவங்க வந்து போன தூரத்துக்கு ரெண்டு எஞ்சினுக்கும் சேத்து 2,000, 2,500 ரூபாய்க்கு மேல எண்ணெய் செலவாகியிருக்காது. கடல்ல நின்னு போன படகுக்குக் கயிறு கொடுத்தா எண்ணெய்க் காசு வாங்குறதுதான் எங்க பக்கத்து வழக்கம். நிறையப் பேர் அதுகூட வாங்க மாட்டாங்க, நாளைக்கு நம்ம படகு நிக்கும்னு தெரியும். பேரம் பேசப் பேச எங்க எஞ்சினைக் கழட்டித் தூக்கிட்டுப் போய் ஒரு கொட்டகைக்குள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. கடைசியில 14,000 கொடுத்துத்தான் மீட்டோம். ரசீது கேட்டேன். சிரிச்சாங்க.

அடுத்தது அந்தப் பட்டறை. தடைக்காலத்துல விசைப்படகு மராமத்து வேலை குவிஞ்சு கிடக்கும், நல்ல வேலைக்காரங்க ஒருத்தரும் சும்மா இருக்க மாட்டாங்க. எங்களுக்குத் தெரிஞ்ச ஆசாரி ஜூன் பாதி வரைக்கும் கை ஒழியாதுன்னுட்டாரு. படகும் அங்கேயே கிடக்கு, கீறலும் பெருசா இருக்கு, லாரியில ஏத்திட்டுப் போனா கூடுதல் செலவு. இது எல்லாம் தெரிஞ்சுதான் அங்க கொண்டு போய்ப் போட்டிருக்காங்க. இழுத்துட்டு வந்தவனும் பட்டறைக்காரரும் மச்சான் உறவுன்னு ரொம்பப் பிந்தித்தான் காதுக்கு வந்துச்சு.

அடிப்பக்கம் முழுசா ரெண்டு பக்கமும் பைபர் வேலை, எஞ்சினுக்குக் கியர் வேலை, புது விசிறி, எல்லாம் சேத்து 46,000னு முடிவாச்சு. பக்கத்துல நின்னு பாக்கணும்னு சொன்னா, “ரெசின் (பைபரை ஒட்டுற பசை) நெடி ஆகாது, நீங்க போங்க, முடிஞ்சதும் கூப்பிடுறோம்”னாங்க. கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தா வெள்ளை வெளேர்னு ஜெல்கோட் (மேல் பூச்சு) பளபளக்குது. சித்தப்பாவுக்கு அப்பவே மனசு ஒப்பல, “இத்தனை சீக்கிரம் எப்படிடா காஞ்சுச்சு”ன்னாரு.

கடல்ல இறக்கி ரெண்டாவது தொழிலுக்குப் போறப்பவே தளத்துல தண்ணி. படகைக் கவுத்துப் போட்டு வேற ஊர் வேலைக்காரர் ஒருத்தரை வரவச்சோம். அவரு கிரைண்டரைக் கையிலயே எடுக்கல. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து வரிசையாத் தட்டிக்கிட்டே வந்தாரு. நல்ல இடத்துல டிங் டிங்னு சத்தம், ஒட்டுப் போட்ட இடத்துல பொத் பொத்னு. ஓரத்துல உளியைக் கொடுத்து லேசா நெம்புனதும் பெரிய துண்டா ஜெல்கோட் வந்துருச்சு. அதுக்கு அடியில விரல் தடிமனுக்குப் பட்டி. பட்டிக்கு அடியில ஒரே ஒரு மேட் (கண்ணாடி நார் விரிப்பு), அதுவும் ரெசின் ஊறாம வெள்ளை நாராவே இருந்துச்சு, நான் கையால இழுத்தேன், முழுசா உரிஞ்சு வந்துச்சு. கீறலுக்குள்ள உப்புத்தண்ணி கசிஞ்சுக்கிட்டு நிக்குது. படகுக்கு உள்பக்கம் கையே வைக்கல, தளப்பலகையைத் தூக்கிப் பாத்தா உடைஞ்சது உடைஞ்சபடியே இருக்கு.

இந்த வேலை எப்படி நடக்கணும்னு அவரு செய்யும்போது முழுசா நின்னு பாத்தேன். மொதல்ல நல்ல தண்ணி ஊத்தி உப்பைக் கழுவி, நல்லா வெயில் காய விட்டாரு. ஈரத்து மேல ரெசின் பிடிக்கவே பிடிக்காதாம். பிறகு கீறலைச் சுத்தி ரெண்டு பக்கமும் அகலமாச் சரிவாத் தேய்ச்சு, நொறுங்குனதையெல்லாம் எடுத்துட்டு, மேட், ரோவிங் (நெய்த கண்ணாடி நார்த் துணி), மேட்டுன்னு மாத்தி மாத்தி, ஒவ்வொண்ணையும் உருளையால காத்துப் போக அழுத்தி, வெளியிலயும் உள்ளயும் போட்டாரு. பட்டிங்கிறது கடைசியில மேடு பள்ளம் சரி பண்ண மட்டும்தான். ரெசினை இறுக வைக்கச் சேக்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒரே டப்பாவுல நேரா கலக்கக் கூடாது, வெடிச்சுரும்னு என் தம்பியைப் பக்கத்துலயே விடல. அந்த மனுசன் மேல எனக்கு வந்த மரியாதை தனி. நாம நின்னு பாக்குறதைப் பத்தி அவருக்கு ஒரு கஷ்டமும் இல்ல.

எஞ்சின் கதையையும் சொல்லிடுறேன். 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு. கியர் ஆயிலை இறக்கிப் பாத்தா பால் டீ மாதிரி வெளுத்துப் போய் வருது, அப்படின்னா உள்ள தண்ணி போயிருக்கு, சீல் மாத்தவே இல்ல. புது விசிறின்னு போட்டது பழசு, ஒரு இதழ்ல வெல்டிங் வச்சுத் தேய்ச்சுப் பெயின்ட் அடிச்சது. எங்களோட பழைய விசிறியை, “உடைஞ்சது உங்களுக்கு எதுக்கு”ன்னு அங்கேயே வச்சுக்கிட்டாங்க. அது எந்தப் படகுல இப்ப ஓடுதோ.

அதனால சொல்றேன். கடல்ல படகு அடிபட்டு, ஆள் உயிருக்கு ஆபத்துன்னா யோசிக்காம கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸ் 1093, ரெண்டுல எதையாவது அடிங்க. உயிரைக் காப்பாத்த அவங்க காசு கேக்க மாட்டாங்க. படகையும் இழுத்துட்டு வந்து தரணும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க, அவங்களுக்கு மொதல்ல ஆள்தான். நங்கூரம் பிடிச்சு, தண்ணி கட்டுக்குள்ள இருந்தா, விலையும் எந்தத் துறையில ஏத்துறதுங்கிறதும் பேசாம கயிறைக் கையில வாங்காதீங்க. பேசுறதைப் போன்ல ரெக்கார்டு போடுங்க. எஞ்சின்ல அடிச்சிருக்கிற நம்பரையும், விசிறியையும், கீறலையும் கரை ஏறுன உடனே படம் எடுங்க. பட்டறையில வேலை நடக்கும்போது நம்ம ஆள் ஒருத்தர் நிக்கணும். பட்டி பூசுறதுக்கு முன்னாடி உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் பாக்க விடாத பட்டறையில படகைப் போடாதீங்க. கழட்டுன பழைய சாமானைத் திருப்பி வாங்குங்க.

நிறையப் பேர் “காப்பீடு இருக்குல்ல”ன்னு கேட்டாங்க. பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்துல நமக்குப் போட்டிருக்கிறது ஆள் விபத்துக் காப்பீடு. இறந்துட்டாலோ முழுசா முடங்கிட்டாலோ 5 லட்சம். படகு உடைஞ்சா அதுல ஒத்தப் பைசா வராது. படகுக்குத் தனியாப் பாலிசி எடுக்கணும், எங்க துறையில எடுத்தவங்க அபூர்வம்.

சங்கத்துல ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுனாங்க. இழுவைக்காரன் 5,000 திருப்பிக் கொடுத்தான், அதுவும் ஊர்ப் பெரியவங்க சத்தம் போட்ட பிறகு. பட்டறைக்காரர் மட்டும் “நான் செஞ்ச வேலையை வேற ஆள் பிரிச்சுட்டான், இனி எனக்குப் பொறுப்பில்ல”ன்னு நிக்கிறாரு. ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்துல மனு போட்டிருக்கோம். தொழிலுக்கு வச்சிருக்கிற படகுக்கு நுகர்வோர் வழக்கு செல்லாதுன்னு அவங்க பக்கத்துல சொல்றாங்க. 2019 சட்டத்துலயே, சுயதொழிலா பிழைப்புக்காக வச்சிருக்கிறவங்களும் நுகர்வோர்தான்னு விளக்கம் இருக்கு. ரெண்டு வருசத்துக்குள்ள மனு போடணும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாம நாமளே போய்ப் பேசலாம். விவரம் கேக்க நுகர்வோர் உதவி எண் 1915. எங்ககிட்ட ரசீது இல்ல, ஆனா பட்டறைக்காரர் வாட்ஸாப்புல தன் குரல்லயே தொகையைச் சொல்லி அனுப்பியிருக்காரு, உரிச்சு எடுத்த மேட்டையும் சாக்குல கட்டிப் பத்திரமா வச்சிருக்கோம்.

இதே ஆளுங்ககிட்ட மாட்டுனவங்க இருந்தா எனக்குத் தனியா எழுதுங்க, மனுவுல சாட்சியாச் சேக்கலாம். முங்கிக் கிடக்கிற அந்தப் படகை எடுக்கச் சொல்லி மீன்வளத்துறையில மனு கொடுத்தாச்சு. அதுவரைக்கும் அந்த இடத்துல ரெண்டு நீலக் கேனைக் கயிறு போட்டுக் கட்டி விட்டிருக்கோம், ஜிபிஎஸ் புள்ளி வேணும்னா கேளுங்க, அனுப்புறேன். ராத்திரி கேன் கண்ணுக்குத் தெரியாது, அந்தப் பக்கம் வர்றவங்க நல்லா விலகிப் போங்க. கேன் நல்லா இருக்கேன்னு யாரும் அவுத்துட்டுப் போயிராதீங்க.