குமாரபாளையம் – கோவை டோல் ரோடு: பத்து வருச ஓட்டம்

வாரம் ரெண்டு நடை, துண்டு லுங்கி சாம்பிளைக் காரில் போட்டுக்கொண்டு குமாரபாளையத்திலிருந்து கோவை போய்வருகிறேன். நேஷனல் ஹைவே நம்பர் 544 என்று மாறிப் பல வருசமாகியும் வாயில் வருவது 47தான். தனியார் கம்பெனி தன் காசில் போட்டு, டோல் வசூலித்து எடுத்துக்கொள்ளும் பிஓடி ரோடு.

காவிரிப் பாலம் தாண்டினால் செங்கப்பள்ளி வரைக்கும் நாலு வழி. இதில்தான் பொறுமை வேணும். லோடு லாரியை இன்னொரு லோடு லாரி முந்தப் பார்க்கும். ரெண்டும் ஜோடி போட்டுக்கொண்டு நகர, பின்னால் நாம் ஊர்வலம் போக வேண்டியதுதான். செங்கப்பள்ளியிலிருந்து நீலாம்பூர் வரை ஆறு வழி. அங்கே கால் ஆக்சிலேட்டரில் தானாக இறங்கும். அந்த வேகத்தில், சர்வீஸ் ரோடு விட்ட இடத்தில் மொபெட்டில் ஒருத்தர் புல்லுக்கட்டோடு எதிரே வருவார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, முறையாகத் திரும்புவதென்றால் அவர் எத்தனை தூரம் சுற்றணும்!

எனக்கு விஜயமங்கலம், கணியூர் என்று ரெண்டு டோல்கேட். சேலத்துக்காரங்களுக்கு வைகுந்தமும் சேரும். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வர ஒன்றரை மடங்கு கட்டணம்தான். ஒருமுறை அன்றைக்கே திரும்பியும் ரெண்டு முழுக் கட்டணம் பிடித்துவிட்டது ஒரு டோல்கேட். ஹைவே உதவி எண் 1033க்குப் போன் போட்டு, ஃபாஸ்டேக் கொடுத்த பேங்க்குக்கும் எழுதி, பணம் வந்து சேரப் பதினெட்டு நாள். ஃபாஸ்டேக் கட்டாயமான 2021க்கு முன்னால் சில்லறைக்குப் பதில் மிட்டாய் வாங்கிய காலத்துக்கு இது எவ்வளவோ மேல்.

டோல் மேலிருந்த எரிச்சலைக் குறைத்தது, 2025 ஆகஸ்ட் 15இல் வந்த வருசப் பாஸ். வந்தபோது 3000 ரூபாய், 200 முறை. இதில் பலர் ஏமாறுகிறார்கள்: போய்வருவது ஒரு முறை அல்ல, ஒவ்வொரு டோல்கேட்டும் ஒரு முறை. எனக்கு ஒரு நடைக்கு நாலு கழியும். ஆக 50 நடை. வருசப் பாஸ் என்று பேர், எனக்கு ஆறு மாசம்கூட வராது. ஆனாலும் அந்த விலைக்கு டோல்கேட்டுக்கு 15 ரூபாய்தான். வாங்கலாம், யோசிக்காதீங்க.

சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் மாமனிடம் இதைப் பெருமையாகச் சொல்லப்போக, "சொந்தக் காருக்குத்தானுங்க மாப்ள அது. உங்க மூவாயிரம் எனக்கு வடக்கே ஒரு நடைக்கே காணாதுங்க" என்றார். வாயை மூடிக்கொண்டேன். அந்த ஜோடி லாரிகளில் ஒன்று அவருடையதாகவும் இருக்கலாம்.

விஜயமங்கலத்தில் பழைய சமணக் கோயில் ஒன்று இருக்கிறது. பத்து வருசமாக அந்த டோல்கேட்டைத் தாண்டுகிறேன், ஒருநாளும் வண்டியை ஊருக்குள் திருப்பியதில்லை. பாஸில் இன்னும் 36 பாக்கி, ஒன்பது நடை. அதற்குள் ஒருதடவை.