காகிதத்தில் மட்டும் மிஞ்சிய மொழி: குழந்தைக்கு எங்கே சொல்லித்தருவது?

பாட்டி பேசக் கேட்டு வளர வழி இருந்தால் இந்த அலசலுக்கே வேலையில்லை. 1982இல் நியூசிலாந்தில் மாவோரி மக்கள் தொடங்கிய மழலைப்பள்ளிகளில் மூத்தவர்கள் குழந்தைகளோடு பேசினார்கள், அதுவே பாடம். பேச ஒருவர்கூட இல்லாமல் ஆவணங்கள் மட்டும் மிஞ்சிய மொழிகளுக்குத்தான் திண்டாட்டம். அப்படி மூன்று மொழிகள் மூன்று வழியில் போயிருக்கின்றன.

அமெரிக்கப் பூர்வகுடிகளான மியாமி இனத்தைச் சேர்ந்த டேரில் பால்ட்வின் தேர்ந்தெடுத்தது வீடு. ஃபிரெஞ்சு யேசுசபைப் பாதிரியார்கள் எழுதிவைத்த பழைய அகராதிகள், மொழியியலாளர் டேவிட் கோஸ்டாவின் இலக்கண ஆய்வு, இவற்றிலிருந்து 1990களில் தானும் கற்று, பிள்ளைகளிடமும் பேசினார். சாப்பிடச் சொல்லவும் அதட்டவும் தூங்கவைக்கவும் மொழி புழங்குவது இங்கேதான். ஆனால் எல்லாம் ஒரே குடும்பத்தின் பிடிவாதத்தில் நிற்கிறது. அப்பா தப்பாகச் சொன்னால் பிள்ளைக்கு அதுதான் சரி, திருத்த யாருமில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்கள் மழலைப்பள்ளி வரை போனார்கள். இவர்களிடம் ஆவணத்துக்குக் குறைவில்லை. 1663இல் அச்சான பைபிள் இருக்கிறது. வாம்பனோக் மக்களே தங்கள் மொழியில் எழுதிய நிலப்பத்திரங்களும் கடிதங்களும் இருக்கின்றன. ஆனால் பத்திரத்தில் எல்லை, வாரிசு, சாட்சி பற்றித்தான் பேச்சு. மூக்கைத் துடை, செருப்பைப் போடு, அவனைக் கடிக்காதே என்று மூன்று வயதுக் குழந்தையிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு புதிதாகக் கட்ட வேண்டும். உச்சரிப்பையும் உறவு மொழிகளோடு ஒப்பிட்டுத்தான் தேற வேண்டும். அந்த இனத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் இதற்காகவே எம்ஐடியில் மொழியியல் படித்து 2000இல் முதுகலை முடித்தார். 1993இல் தொடங்கிய முயற்சி, நாள் முழுக்க அந்த மொழியிலேயே நடக்கும் மழலைப்பள்ளியாக 2016இல்தான் வந்து நின்றது. இடைப்பட்ட காலமெல்லாம் பெரியவர்கள் படிப்பதற்கே போனது. ஆனால் பல பெரியவர்கள் இருக்கிற இடம் என்பதால், ஒருவர் தப்பை இன்னொருவர் பிடித்துவிடலாம்.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பகுதிப் பூர்வகுடிகளின் கவுர்னா மொழி பாட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போனது. இரண்டு ஜெர்மன் மிஷனரிகள் 1840இல் வெளியிட்ட இலக்கணமும் சொற்பட்டியலும்தான் மூலதனம். 1990இல் பாட்டுப்புத்தகம், சில வருடங்களுக்குள் பள்ளிப் பாடம். சரி, நாலு பாட்டு தெரிந்தால் பேச வந்துவிடுமா என்றால், வராது. வாரத்தில் சில மணி நேர வகுப்பில் எந்த மொழியும் வீட்டு மொழியாகாது. இருந்தாலும் இந்த வழியை நான் இளக்காரமாகப் பார்க்க மாட்டேன். ஆசிரியரே அரைகுறையாகக் கற்றிருக்கும் நிலையில் பிழையில்லாமல் குழந்தை வாயில் ஏற்றக்கூடியது பாட்டு ஒன்றுதான். அப்புறம், அந்த மிஷனரிகள் நடத்திய பள்ளியில் படித்த கவுர்னாப் பிள்ளைகள் தங்கள் மொழியில் எழுதிய கடிதங்கள்கூடக் கிடைத்திருக்கின்றன. குழந்தையே எழுதியதைக் குழந்தைக்குக் காட்டும் வாய்ப்பு எத்தனை மொழிகளுக்கு இருக்கிறது?

மூன்றில் மழலைப்பள்ளிக்கே என் ஓட்டு. ஆனால் அதை முதலில் தொடங்கக் கூடாது. பிள்ளைகளுக்குப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கட்டும். கையில் இருக்கும் பணம் பொம்மைக்கும் செயலிக்கும் போகாமல், ஆவணங்களோடு முழுநேரம் உட்கார்ந்து கற்கப்போகிற நாலைந்து பெரியவர்களின் சம்பளத்துக்குப் போகட்டும். பிறக்கப்போகிற குழந்தையோடு வீட்டிலும் அதே மொழியில் பேசத் தயாராக இருக்கிற இளம் தம்பதி கிடைத்தால் அவர்களுக்கே முதலிடம்.